வாசலில் நின்றவர்

அலுமாரியின் மேல்தட்டில், குளிர்காலப் போர்வைகளுக்குக் கீழே, கதிர்காமநாதன் எதை ஒளித்து வைத்திருக்கிறார் என்பது நமக்கு இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். மனைவி புஷ்பராணிக்கு மட்டும் தெரியாது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். முப்பது வருடம் கூடவே குடித்தனம் நடத்திய மனுசியிடம் ஒரு பொருளை வீட்டுக்குள்ளேயே ஒளிக்கலாம் என்று நம்புகிற ஆண்களை என்ன செய்வது!

கதிர்காமநாதன் ஜெர்மனியின் ஆஹென் நகரத்தில் பஸ் ஓட்டுகிறவர். மே மாதத்தில் ஒரு பின்னேரம், சென்னையிலிருந்து படிக்க வந்த ஸ்ரீநிதி என்ற பெண்ணை அவருடைய பஸ்ஸில் இரண்டு பேர் வம்புக்கு இழுத்தார்கள். தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். ஒருவன் கையிலிருந்த போத்தலால் அடித்தான். நெற்றியில் ஏழு தையல். அவ்வளவையும் கதிர்காமநாதன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். "அங்கிள்! அங்கிள்!" என்று அவள் தமிழில் கூப்பிட்டதும் காதில் விழுந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது.

அதற்குப் பிறகு அவர் வாங்கியதுதான் அலுமாரியில் இருக்கிற பிஸ்டல். அதில் குண்டு போகாது. வெடிச்சத்தம் வரும், கண்ணை எரிக்கிற புகை வரும், அவ்வளவுதான். ஆனால் பார்வைக்கு அச்சு அசலாக உண்மையான பிஸ்டல் போலவே இருக்கும். வீட்டில் வைத்திருப்பதற்கு அனுமதி தேவையில்லை. வெளியே கொண்டு திரிவதென்றால் பொலிஸ் தருகிற அனுமதி அட்டை வேண்டும். அதற்கு அவர் அந்த்ராக், அதாவது விண்ணப்பம், போட்டிருந்தார்.

பொலிஸ் அலுவலகத்தில் இன்று பத்து மணிக்கு வரும்படி டெர்மின் கொடுத்திருந்தார்கள். மத்தியானம் ஒரு மணிக்கு ஸ்ரீநிதியின் வழக்கு. அவளும் சாட்சி, கதிர்காமநாதனும் சாட்சி. பஸ்ஸில் என்ன நடந்தது, அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நீதிபதி கேட்பார். இரண்டாவது கேள்வியை நினைத்து அவர் பத்து நாளாகச் சரியாக நித்திரை கொள்ளவில்லை. கோர்ட் படி ஏறும்போது அந்த அட்டை சட்டைப் பையில் இருந்தால் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கலாம் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

காலையில் புஷ்பராணி சோற்றுப் பானையை இறக்கியபடி சொன்னாள்:

"இஞ்சேருங்கோ, நான் அந்தப் பிள்ளையோட முன்னுக்குப் போறன். தனிய பஸ் ஏறப் பயப்பிடுது. நீங்கள் பாஸ்போர்ட் அலுவலை முடிச்சுக்கொண்டு நேர கோர்ட்டுக்கு வாங்கோ."

"ஓம்" என்றார். பாஸ்போர்ட் அலுவல் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்.

புஷ்பராணி அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பானையின் மூடியைச் சரிசெய்தாள்.

---

மகள் தக்சாயினி கொலோனிலிருந்து ரயிலில் வந்து இறங்கினாள். இருபத்தேழு வயது. பொலிஸ்காரி. சீருடையோடு நிற்கும்போது இடுப்பில் உண்மையான துவக்கு இருக்கும். இன்று அப்பாவோடு போக லீவு எடுத்து, சாதாரண மழைக்கோட்டோடு வந்திருந்தாள். அப்பாவின் பிஸ்டல் கதையைப் போனில் கேட்ட நாளிலிருந்து அவளுக்கு ஒரே கோபம்.

"அப்பா, அதை நீங்கள் பஸ்ஸுக்குள்ள கொண்டு போக ஏலாது. கொம்பனி ஒரு நிமிஷத்தில வேலையால நிப்பாட்டும்."

"வேலைக்கில்லை. போகேக்க, வரேக்க. உன்ர அம்மாவோட கடைக்குப் போகேக்க."

"ஆர் வந்தாலும் அதை எடுத்துக் காட்டுவியளோ?"

"காட்டினால் ஓடுவாங்கள்தானே."

தக்சாயினி நடைபாதையில் நின்றுவிட்டாள்.

"ஓடாதவனும் இருப்பான். ஒண்டு சொல்லுறன், கேளுங்கோ. என்ர முன்னால ஒருத்தன் அதை எடுத்தால், உண்மையோ பொய்யோ எண்டு பாக்க எனக்கு நேரமில்லை. ஒருக்கால் சத்தம் போட்டுச் சொல்லுவன், போடு எண்டு. போடாட்டி நான் சுடுவன். எங்களுக்கு அப்படித்தான் பழக்கியிருக்கினம்."

கதிர்காமநாதன் கையிலிருந்த பெரிய ஓர்ட்னரை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

அந்தக் கோப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எந்த டெர்மினுக்குப் போனாலும் இருக்கிற கடுதாசி முழுவதையும் தூக்கிக்கொண்டு போவது அகதியாக வந்த எங்கள் ஆட்களின் வழக்கம். பல்லுக் கழற்றப் போனாலும் பையில் அகதி விண்ணப்பம் இருக்கும். எந்த அதிகாரி எந்த நேரத்தில் எதைக் கேட்பார் என்ற பயம், ஜெர்மனியின் சிவப்புப் பாஸ்போர்ட் கிடைத்து இருபது வருடமாகியும் போகவில்லை. கதிர்காமநாதனும் அப்படித்தான். அந்த ஓர்ட்னருக்குள் என்னென்ன இருக்கிறது என்று அவரே மறந்து வருடக்கணக்காகிவிட்டது.

அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் ஒரேயொரு விஷயத்தைத்தான் கேட்டிருந்தது. அவருடைய பிறந்த ஊர் ஒரு பத்திரத்தில் ஒருமாதிரியும் இன்னொன்றில் வேறுமாதிரியும் இருந்தது. பழைய அத்தாட்சி ஏதாவது இருந்தால் கொண்டு வரும்படி கேட்டிருந்தார்கள்.

அலுவலக நடைக்கூடத்தில் நாற்காலியில் இருந்தபடி தக்சாயினி ஓர்ட்னரை மடியில் வைத்துப் பிறப்பு அத்தாட்சியைத் தேடினாள். வாடகை ஒப்பந்தம், சம்பளத் துண்டு, அவளுடைய பள்ளிக்கூட ரிப்போர்ட், கலியாணப் பதிவு. அடியிலே, மஞ்சளித்துப்போன தட்டச்சுத் தாள்கள் ஆறு.

"இது என்ன அப்பா?"

"அது பழசு. விடு."

ஆனால் அவள் வாசிக்கத் தொடங்கிவிட்டாள். 1989இல் அகதி விண்ணப்பத்துக்காக அவரை விசாரித்தபோது, அவர் சொன்னதை அதிகாரி எழுதிக்கொண்ட வாக்குமூலம் அது. ஆறாம் பக்கத்தின் அடியில் அவருடைய கையெழுத்து.

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். கதிர்காமநாதனின் கனம் இப்போது மகளின் மடியில் விரிந்து கிடந்தது.

அவள் ஆறு பக்கத்தையும் வாசித்தாள். பிறகு, பிஸ்டல் அனுமதிக்காக அவர் நிரப்பிய அந்த்ராக்கின் நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"இதில கடைசிக் கேள்வி. ஆயுதம் வச்சிருந்த அமைப்பு எதிலயாவது இருந்தனீங்களோ எண்டு. இல்லை எண்டு புள்ளடி போட்டிருக்கிறியள்."

"ஓம்."

"இதில, இயக்கத்தில இருந்தனான், பள்ளிக்கூட வாசலில துவக்கோட காவல் நிண்டனான் எண்டு சொல்லியிருக்கிறியள். இரண்டிலயும் உங்கட கையெழுத்து." அவள் குரல் தாழ்ந்திருந்தது. விசாரணை செய்கிறவளின் குரல். "எது பொய்?"

பள்ளிக்கூட வாசல் கதை தக்சாயினிக்குத் தெரியாததல்ல. அவள் அதைக் கேட்டு வளர்ந்தவள். சண்டைக்குப் பயந்து நூறு சனம் பள்ளிக்கூடத்துக்குள் ஒதுங்கியிருந்ததும், அப்பா ஒரு வேட்டைத் துவக்கோடு தனி ஆளாக வாசலில் நின்றதும், சனம் பின்பக்கத்தால் தப்பியதும் அவளுக்கு மனப்பாடம். அம்மாதான் அடிக்கடி சொல்லுவாள். பொலிஸுக்கு ஏன் வருகிறாய் என்று நேர்முகத்தில் கேட்டபோது தக்சாயினி சொன்ன பதிலும் இதுதான்: என் அப்பா ஒரு வாசலில் நின்றவர்.

"அப்பா, உங்களைத்தான் கேக்கிறன்."

"உதுதான் பொய்." அவர் மஞ்சள் தாளைக் காட்டினார்.

"இயக்கத்தில இருக்கேல்லையோ?"

"இல்லை. அகதிக் காம்பில ஒருத்தர் சொன்னார், இயக்கம் எண்டு சொன்னால்தான் கேஸ் நிக்கும் எண்டு. சொன்னனான்."

"அது பரவாயில்லை. அந்த நேரம் கனபேர் அப்படித்தான் செய்தவை." அவள் முகம் கொஞ்சம் இளகியது. "வாசலில நிண்டது உண்மைதானே?"

இந்த இடத்தில் ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவள் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தாள். முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக அவர் அந்த ஓமைச் சொல்லிக்கொண்டு வந்தவர்தான். ஆனால் மே மாதத்துக்குப் பிறகு அந்தச் சொல் அவருக்கு வாயில் வருவதில்லை.

"நிண்டது உன்ர பெரியப்பா."

"சிறீதரன் பெரியப்பாவோ? அவர் ஷெல்லில செத்தவர் எண்டு..."

"நான் சொன்னதுதான் அதுவும்." கதிர்காமநாதன் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி பேசினார். "துவக்கு மாமாவின்ர. காவல் நிண்டது அண்ணை. மத்தியானம் உள்ளுக்குச் சின்னப் பிள்ளையள் தண்ணி கேட்டு அழுதுதுகள். இதைக் கொஞ்சம் பிடி, கிணத்தடிக்குப் போட்டு வாறன் எண்டு என்ர கையில தந்திட்டுப் போனவர். எனக்கு இருவது வயது. ஒழுங்கையில வாகனச் சத்தம் கேட்டுது. ஆர் வந்தது எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. நான் பாக்கேல்லை. துவக்கை மதிலோட சாத்திப்போட்டு, பின் மதிலால குதிச்சு ஓடிட்டன்."

தக்சாயினி நாற்காலியில் அவர் பக்கம் திரும்பினாள்.

"புகையிலைத் தோட்டத்துக்க போகேக்க இரண்டு வெடி கேட்டுது. வாளியைப் போட்டிட்டு அண்ணை திரும்பி வாசலுக்கு ஓடி வந்ததாம். துவக்கை எடுத்ததோ, எடுக்க முந்தியோ, அதுவும் எனக்குத் தெரியாது. அவர் நிண்டபடியால்தான் சனம் தப்பினது. இஞ்ச வந்து விசாரணையில இருக்கேக்க, நீ என்ன செய்தாய் எண்டு கேட்டாங்கள். ஓடினனான் எண்டு சொல்ல ஏலேல்லை. அண்ணை செய்ததை நான் செய்ததாச் சொன்னன். பேந்து உன்ர அம்மாவுக்கும் அதையே சொன்னன். பேந்து உனக்கும்."

அழவேண்டும் போல அவருக்கு இருந்தது. அண்ணனுடைய சாவைத் திருடி, அதைச் சட்டையாகப் போட்டுக்கொண்டு இத்தனை வருடம் மரியாதையாக வாழ்ந்தாயிற்று. அண்ணனுக்கு ஒரு திவசம்கூட உண்மையான காரணம் சொல்லிச் செய்ததில்லை.

மகள் தாள்களை ஒழுங்காக அடுக்கினாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குத் தாங்கியிருக்கும்.

கதவு திறந்தது. பெயரைக் கூப்பிட்டார்கள்.

---

அதிகாரி திருமதி கெர்ஸ்டன் ஐம்பது வயதுக்காரி. மேசையில் ஒரு கள்ளிச்செடி, ஒரு தேநீர்க் கோப்பை. தக்சாயினி பிறப்பு அத்தாட்சியை நீட்டினாள். மஞ்சள் தாள்கள் ஓர்ட்னருக்குள்ளேயே இருந்தன. அதிகாரி ஊர்ப் பெயரை ஒத்துப் பார்த்தாள், தலையாட்டினாள், கணினியில் தட்டினாள். மூன்று நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

"உங்களைப் பற்றி எந்தப் பதிவும் இல்லை, திரு கதிர்காமநாதன். தண்டனை இல்லை, முறைப்பாடு இல்லை. சட்டத்தின்படி நீங்கள் நம்பகமானவர்" என்றாள் ஜெர்மன் மொழியில். பொத்தானை அழுத்தினால் அனுமதி அட்டை அச்சாகிவிடும்.

நம்பகமானவர். அந்த மனுசி நல்ல மனதோடு, சிரித்த முகத்தோடுதான் சொன்னாள். அவளுடைய கணினியில் பள்ளிக்கூட வாசல் இல்லை. மே மாதத்து பஸ்ஸும் இல்லை. பக்கத்தில் இருந்த தக்சாயினி தலையைக் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதிர்காமநாதனுக்கு அப்போதுதான் ஒன்று விளங்கியது. அன்று அந்த வாசலிலும் அவர் கையில் துவக்கு இருந்தது. கையில் இருந்தும்தான் ஓடினார்.

"நான் இந்த அந்த்ராக்கைத் திரும்ப எடுக்கலாமா?" என்று கேட்டார்.

திருமதி கெர்ஸ்டன் வியப்போடு பார்த்தாள். "எடுக்கலாம். இங்கே ஒரு கையெழுத்து. ஆனால் ஏன்?"

"எனக்கு அது சரிவராது."

கையெழுத்து வைத்தார். அவர் வைத்த கையெழுத்துகளில் அன்றுதான் ஒன்று முழு உண்மையாக இருந்தது.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. பஸ் தரிப்பில் நின்றபோது தக்சாயினி முன்னால் பார்த்தபடி சொன்னாள்:

"அதை வீட்டில வச்சிருக்க வேண்டாம். பெட்டியோட பூட்டித் தாங்கோ, நான் கொண்டுபோய் ஒப்படைக்கிறன்."

"ஓம் பிள்ளை."

"கோர்ட்டில கேட்டால் என்ன சொல்லப் போறியள்?"

"ஒண்டும் செய்யேல்லை எண்டு சொல்லுவன்."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பார்வையில் கோபமும் இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது. "அம்மாவுக்கு?"

"இண்டைக்குச் சொல்லுவன். கோர்ட் முடிஞ்ச கையோட."

---

வீட்டில் புஷ்பராணி இல்லை. மேசையில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் மூடி வைத்திருந்தது. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு பத்து.

கதிர்காமநாதன் நாற்காலியில் ஏறிப் போர்வைகளை விலக்கினார். பெட்டி இருந்தது. பூட்டும் பூட்டியபடி இருந்தது. ஆனால் கையில் எடுத்ததும் பெட்டி பாரமில்லாமல் மேலே வந்தது. அலுமாரி மூலையில் கிடந்த திறப்பை எடுத்துத் திறந்தார்.

உள்ளே கருப்புப் பஞ்சில் பிஸ்டல் கிடந்த தடம் மட்டும் இருந்தது.

"அப்பா..." என்றாள் தக்சாயினி. "அம்மா எடுத்துக்கொண்டு போயிட்டா. கோர்ட் வாசலில பையெல்லாம் மெஷினுக்குள்ள போகும்."

அவர் போனை எடுத்தார். மூன்றாம் மணியில் புஷ்பராணி எடுத்தாள். பின்னால் பஸ்ஸின் இரைச்சல்.

"எங்க நிக்கிறீர்?"

"பஸ்ஸில. இன்னும் ஆறு தரிப்பு." கிசுகிசுத்த குரல்.

"கைப்பையில என்ன வச்சிருக்கிறீர்?"

கைப்பையின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது.

"நீங்கள் பாஸ்போர்ட் எடுக்கப் போகேல்லை எண்டு எனக்குத் தெரியும். இரண்டு மாசமாத் தெரியும். அலுமாரி துடைக்கிறது நான்தானே." அவள் இன்னும் குரலைத் தாழ்த்தினாள். "மெல்லக் கதையுங்கோ. அடிச்சவங்கள் இரண்டு பேரும் இதே பஸ்ஸில ஏறியிருக்கிறாங்கள். பின்னுக்கு நிக்கிறாங்கள். இந்தப் பிள்ளையைப் பாத்துப் பாத்துச் சிரிக்கிறாங்கள்."

ஸ்ரீநிதியின் குரல் மெலிதாகக் கேட்டது: "ஆன்ட்டி, அடுத்த ஸ்டாப்ல இறங்கிடலாம், ப்ளீஸ். எனக்கு பயமா இருக்கு."

"இறங்கும், புஷ்பம்! உடன இறங்கும்! அது உண்மையான துவக்கில்லை, வெறும் சத்தம்..."

"என்ன? கேக்கேல்லை. இறங்கினால் பின்னால வருவாங்கள், இஞ்ச எண்டால் சனம் இருக்கு. நீங்கள் பயப்பிடாதேங்கோ. எனக்குப் பயமில்லை." அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. "அண்டைக்கு அந்தப் பள்ளிக்கூட வாசலில நீங்கள் தனிய நிண்டனீங்கள். நான் உங்கட பெண்சாதிதானே. ஆரோ ஒராள் நிக்கத்தானே வேணும்."

"புஷ்பம், கேளும். அந்த வாசலில நிண்டது நானில்லை. அண்ணை. நான் ஓடினனான். கேக்குதோ? நான் ஓடினனான்!"

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். இணைப்பு எப்போதோ அறுந்திருந்தது. எந்த வார்த்தையோடு அறுந்தது என்று தெரியவில்லை.

திரும்ப எடுத்தார். மணி அடித்தது, அவள் எடுக்கவில்லை.

தக்சாயினியின் கையில் அவளுடைய போன் இருந்தது. பொலிஸின் அவசர எண் நூற்றிப்பத்தை அழுத்திவிட்டுப் பச்சைப் பொத்தானின் மேல் விரலை வைத்திருந்தாள்.

"நான் கேட்டிட்டன், அப்பா. எனக்குத் தெரியாது எண்டு இனிச் சொல்ல ஏலாது. பஸ்ஸில ஒரு மனுசியிட்டத் துவக்கு இருக்கு எண்டு சொன்னால் எல்லாக் காரும் வரும். வாறவங்களுக்கு அம்மாவை ஆரெண்டு தெரியாது."

"சத்தம் மட்டும்தான் எண்டு சொல்லு."

"சொல்லுவன்." அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "அம்மாவுக்கு அது தெரியாதே. அவ அதை எடுத்து நீட்டினால்?"

அவர் மகளின் விரலைப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு தரிப்பு. அந்தப் பாதையை அவர் ஆயிரம் தடவை ஓட்டியிருக்கிறார். மழை நாளில் பதினொரு நிமிடம் எடுக்கும். ரயில் பாலத்தடியில் கோர்ட் தரிப்புக்குக் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது. ஐம்பத்தெட்டு வயதுக் கால் அந்த நேரத்துக்குள் போய்ச் சேருமா என்பது அவருக்குத் தெரியாது.

"சொல்லு பிள்ளை" என்றார். "உள்ளதைச் சொல்லு."

தக்சாயினி பொத்தானை அழுத்தினாள். கதிர்காமநாதன் கதவைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு, மழைக்குள் ஓடினார்.